விஸ்காம் படிக்கப் போகிறீர்களா? சிவகாசி லேபிளில் தொடங்குங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விருதுநகர் மாவட்டத்து வீடுகளில் இன்ஜினீயரிங், நர்சிங், பி.காம். என்று மூன்று பேச்சுதான் ஓடும். நடுவில் ஒரு பையனோ பெண்ணோ "விஸ்காம்" என்று வாயைத் திறந்தால், "சினிமா எடுக்கப் போறியாக்கும்?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்களிடம் கோபப்படாதீர்கள். ஃபீஸ், லேப்டாப், கேமரா என்று மூன்று வருஷம் செலவழிக்கப் போகிறவர்கள் அவர்கள். "படிச்சு என்ன வேலைக்குப் போவே?" என்ற கேள்விக்கு உங்களிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்யூனிகேஷன் துறையில் பட்டம் உங்களை இன்டர்வியூ அறையின் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே வேலை வாங்கித் தருவது, காசு கொடுத்த ஒரு வாடிக்கையாளருக்காக நீங்கள் செய்து, அச்சாகியோ ஒளிபரப்பாகியோ வெளியே போன வேலைதான். அப்படிப்பட்ட வேலையை மாணவராக இருக்கும்போதே செய்துபார்க்க, நாட்டிலேயே வசதியான ஊர்களில் ஒன்று சிவகாசி. சென்னையில் படிக்கிற மாணவருக்கு இந்தச் சாதகம் கிடையாது. உங்களுக்கு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது.

படிப்பில் என்ன இருக்கிறது?

விஷுவல் கம்யூனிகேஷன் (அதுதான் விஸ்காம்), ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன், எலக்ட்ரானிக் மீடியா எனப் பெயர்கள் பல. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வருஷம் கம்யூனிகேஷன் தியரி, ஓவியம், அடிப்படை டிசைன். இரண்டாம் வருஷம் போட்டோகிராபி, விளம்பரம், செய்தி எழுதுதல், ரேடியோ, ஸ்கிரிப்ட். மூன்றாம் வருஷம் வீடியோ தயாரிப்பு, ஊடகச் சட்டம், இன்டர்ன்ஷிப், கடைசியாக ஒரு புராஜெக்ட். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சென்னை லயோலா கல்லூரி. அதற்கப்புறம் கோவை, மதுரை, நெல்லை என்று எல்லாப் பக்கமும் பரவியது.

விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-லிருந்தும் வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி 1962-லிருந்தும் இருக்கின்றன. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-ல் தொடங்கியது. ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-ல். எந்தக் கல்லூரியில் இந்த வருஷம் எந்தப் பிரிவு நடக்கிறது என்பதை அட்மிஷன் ஆபீசில் நேரில் போய்க் கேளுங்கள். கூடவே இரண்டு கேள்வி: எடிட்டிங் லேபில் எத்தனை சிஸ்டம் ஓடுகிறது? போன வருஷம் முடித்தவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் போனார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். பி.காம்., ஆங்கில இலக்கியம், தமிழ் படிக்கிறவர்களும் இந்தக் கட்டுரையைத் தொடர்ந்து படிக்கலாம். கீழே சொல்லப்போகிற எதற்கும் விஸ்காம் சீட் கட்டாயமில்லை.

ஏன் சிவகாசி?

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. பிறகு அச்சகம் தனித் தொழிலாகவே வளர்ந்து காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி என்று நாடு முழுக்க ஆர்டர் பிடித்தது. சிவகாசியின் மூன்றாவது தொழில் கம்யூனிகேஷன்தான். யாரும் அதை அந்தப் பெயரில் அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

பழைய தீப்பெட்டி லேபிளை எடுத்துப் பாருங்கள். மயில், சேவல், யானை, சாவி, குழந்தை முகம். படிக்கத் தெரியாதவரும் கடையில் "சேவல் மார்க் கொடு" என்று கேட்க முடிந்தது. வடக்கே தமிழ் தெரியாத ஊரிலும் அதே பெட்டி விற்றது. பிராண்டிங் வகுப்பில் 'விஷுவல் ஐடென்டிட்டி' என்று ஒரு செமஸ்டர் நடத்துவதை இந்த ஊர் அச்சகக்காரர்கள் தேவைக்காகவே கற்றுக்கொண்டார்கள். கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகித்தான் எத்தனையோ வீடுகளின் பூஜை அறைக்குப் போய்ச் சேர்ந்தன. புராஜெக்டுக்குத் தலைப்பு இல்லை என்று புலம்புகிற மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். டாபிக் உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது.

விருதுநகர் பக்கம் வாருங்கள். நல்லெண்ணெய் என்பது செக்கிலிருந்து வாங்கி வருகிற சரக்கு. அதை 'இதயம்' என்ற பெயரில் பாக்கெட்டில் அடைத்து, ஜோதிகாவை விளம்பரத்தில் நிறுத்தி, தமிழ்நாடு முழுக்கப் பெயர் சொல்லிக் கேட்க வைத்தது விருதுநகர் கம்பெனி. எண்ணெய் பழைய எண்ணெய்தான். சொன்ன விதம் புதுசு. பருப்பு, மல்லி, வத்தல் என்று இன்னும் எத்தனையோ சரக்கு இந்த மாவட்டத்தில் பெயரில்லாமல் மூட்டையில் போகிறது. அதில் உங்கள் எதிர்கால கிளையன்ட் இருக்கிறார்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

1. முதல் வருஷமே ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸுக்குள் போய் நில்லுங்கள். சும்மா பார்க்க வேண்டாம், வேலையாகப் போங்கள். சம்பளம் கேட்காதீர்கள், டிசைன் டேபிளுக்குப் பக்கத்தில் இடம் கேளுங்கள். யூடியூபில் கற்றது எங்கே உடைகிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மானிட்டரில் பளிச்சென்று மின்னிய பச்சை, நான்கு கலர் மையில் சாணிப் பச்சையாக வரும். ஸ்கிரீனின் கலர் வேறு, மையின் கலர் வேறு. ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் கலர்) விடாத டிசைனில் கட்டிங் முடிந்ததும் வெள்ளைக் கோடு தெரியும். பொடி எழுத்தை நான்கு கலரில் போட்டால், ரெஜிஸ்டர், அதாவது கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். அதனால்தான் அனுபவமுள்ள டிசைனர் பொடி எழுத்தைக் கறுப்பு பிளேட்டில் மட்டும் வைக்கிறார்.

தமிழ் ஃபான்ட் தனிப் பாடம். பார்ட்டி வாட்ஸ்அப்பில் யூனிகோடில் மேட்டர் அனுப்புவார். பிரஸ்ஸில் பழைய ஃபான்டில் வேலை நடக்கும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ' காணாமல் போகும், 'ஷ' இருந்த இடத்தில் கட்டம் வந்து உட்காரும். ஆயிரக்கணக்கில் அடித்து முடித்த பிறகு பார்த்தால் பேப்பர் காசு போச்சு. தினசரி காலண்டரில் ஒரு முகூர்த்த நாள் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ப்ரூஃப் பார்க்கத் தெரிந்த பையனுக்கு இந்த ஊரில் எப்போதும் வேலை உண்டு. சென்னை ஏஜென்சியிலும் உண்டு. இப்போது ஏ.ஐ. படம் போட்டுக் கொடுக்கிறது, வாசகமும் எழுதிக் கொடுக்கிறது. அதைச் சரிபார்த்து, தப்பில்லாமல் பிளேட்டுக்கு அனுப்பும் பொறுப்பை ஒரு மனிதர்தான் ஏற்க வேண்டும். அந்த மனிதராக இருங்கள்.

2. ஊரின் சீசனைத் தெரிந்துகொண்டு போய்க் கேளுங்கள். அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முந்தைய மாதங்களில் டிசைனுக்கு ஆள் தேவைப்படும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பட்டாசுக் கடை முதலாளி உங்களைப் பார்க்கவே மாட்டார். விலைப்பட்டியல் டிசைனுக்கு அவரை அதற்குப் பல மாதம் முன்பே பிடித்திருக்க வேண்டும். தேர்தல் வந்தால் போஸ்டர். பள்ளி திறக்குமுன் நோட்டு. செமஸ்டர் லீவு எப்போது என்று பார்த்து வேலை தேடுகிறவரை விட, வியாபாரம் எப்போது என்று பார்த்துத் தேடுகிறவருக்கு முதலில் கிடைக்கும்.

3. தியரியைத் தூக்கிப் போடாதீர்கள். ஹரால்டு லாஸ்வெல் 1948-ல் கேட்ட ஐந்து கேள்விகள் எல்லா சிலபஸிலும் இருக்கும்: யார், எதை, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார்? பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரு கிஃப்ட் பாக்ஸை மேஜையில் வைத்து அதே ஐந்தையும் கேளுங்கள். வாங்குவது அப்பா, வெடிப்பது பிள்ளை, பக்கத்தில் நின்று பயப்படுவது அம்மா. பெட்டியின் முன்பக்கம் யாரிடம் பேச வேண்டும், பின்பக்கம் யாரிடம்? "அம்மாவுக்குப் பின்பக்கம் தெளிவாக இருக்க வேண்டும்" என்று காரணத்தோடு சொல்கிற மாணவரை இன்டர்வியூவில் யாரும் சாதாரணமாக அனுப்பிவிட மாட்டார்கள்.

4. சட்டம் தெரிந்த டிசைனராக இருங்கள். போட்டியில் உங்களைத் தனியாகக் காட்டுவது இதுதான். பாக்கெட் சரக்கு என்றால் 2011-ம் ஆண்டின் எடையளவு பேக்கேஜ் விதிகள் உண்டு. தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, எல்லா வரிகளும் உட்பட எம்.ஆர்.பி., தயாரித்த மாதம் வருஷம், புகாருக்குத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். கிளையன்ட் சொல்லாமலேயே நீங்கள் அதற்கு இடம் ஒதுக்கியிருந்தால் அவர் அடுத்த வேலைக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார். விளம்பரம் என்றால் 1985-ல் தொடங்கிய விளம்பரத் தரக் கவுன்சிலின் விதிகளைப் படியுங்கள். காசு வாங்கிப் போடுகிற இன்ஸ்டாகிராம் போஸ்டில் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அந்தக் கவுன்சில் 2021-ல் வழிகாட்டுதல் கொடுத்தது.

பட்டாசு என்றால் இன்னும் கவனம். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை முழுதாகப் படித்துவிடுங்கள். பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி, வெடிக்க இரண்டு மணி நேரம். தமிழ்நாட்டில் அந்த இரண்டு மணி நேரத்தைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தார்கள். ஆன்லைன் விற்பனைக்கும் அதே தீர்ப்பில் தடை. ஆகவே "தம்பி, நம்ம கடைக்கு ஆன்லைன்ல ஆர்டர் எடுக்கிற மாதிரி ஒரு சைட் போட்டுக் குடு" என்று யாராவது கேட்டால், "அண்ணாச்சி, ஆன்லைன் விற்பனைக்குக் கோர்ட் தடை இருக்கு. நேர்ல வர்றவங்களுக்குக் கடை இருக்கிற இடம், லைசென்ஸ், ரகம், விலை தெரியிற மாதிரி போடுவோம். அதுக்கும் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்று சொல்லத் தெரிய வேண்டும். தீபாவளி நேரத்தில் போலிப் பட்டாசு சைட்டுகளைப் பற்றி சைபர் க்ரைம் போலீஸ் எச்சரிக்கிறார்கள். அப்படி ஒரு சைட்டில் உங்கள் டிசைன் இருப்பது உங்கள் பெயருக்கு ஆபத்து.

இன்னொரு பக்கம், அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் ஊரே ஒரு கம்யூனிகேஷன் நெருக்கடியில் மாட்டியது. பசுமைப் பட்டாசு என்றால் பச்சைக் கலர் பட்டாசு என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர். தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் ஃபார்முலாவில் செய்வது, நுண்துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் குறைவது, பெட்டியில் லோகோவும் க்யூ.ஆர். கோடும் இருப்பது என்று வாங்குகிறவருக்கு இரண்டே வரியில் விளக்க வேண்டியிருந்தது. தமிழில் மட்டுமல்ல, இந்தியிலும் தெலுங்கிலும். அந்த இரண்டு வரியை எழுதத் தெரிந்தவருக்குத்தான் கார்ப்பரேட் கம்யூனிகேஷன் என்று வேலை.

5. பாதுகாப்பைப் புராஜெக்ட் ஆக்குங்கள். இதை நான் வெறும் கேரியர் டிப்ஸாகச் சொல்லவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்ததில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள் அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். "வெடித்தால் கிட்டே ஓடாதே, இவ்வளவு தூரம் விலகு" என்ற ஒரே செய்தி அவர்கள் மனதில் முன்கூட்டியே பதிந்திருந்தால் அதில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்? டெவலப்மென்ட் கம்யூனிகேஷன் பேப்பரில் படிப்பது இதைத்தான்.

உங்கள் மூன்றாம் வருஷப் புராஜெக்டில் இன்னொரு ஷார்ட் ஃபிலிமுக்குப் பதிலாக இதை எடுத்துப் பாருங்கள். மருந்து அறைக்குள் இரும்புக் கருவி கூடாது, நைலான் உடை கூடாது, பருத்திதான் போட வேண்டும், மரத்தடியில் வைத்து வேலை பார்க்கக் கூடாது. இவற்றை எழுத்தே இல்லாமல், படத்தால் மட்டும் சொல்கிற நான்கு போஸ்டர். தொழிலாளிகளிடம் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டு, புரியாத இடத்தைத் திருத்தி, மறுபடி காட்டுங்கள். திருத்துவதற்கு முன், பின் என இரண்டையும் ஃபைலில் வையுங்கள். பெரிய தொழிற்சாலைகள், தன்னார்வ அமைப்புகள், அரசுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் திறமை வேண்டும். காசும் கொடுப்பார்கள். ஆலைக்குள் போக வேண்டும் என்றால் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு மட்டும் போங்கள். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

6. எழுத்துக்கு ஒரு வாசல் வைத்துக்கொள்ளுங்கள். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இன்றைய தமிழ்ப் பத்திரிகையாளர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் கல்வி மல்டிமீடியா மையம் இருக்கிறது, இன்டர்ன்ஷிப் கேட்டுப் பாருங்கள். கலெக்டர் ஆபீசில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே தினமும் வெளியாகிற பத்திரிகைச் செய்தியை ஒரு மாதம் படித்தாலே அரசு மொழி எப்படி இயங்குகிறது என்று பிடிபடும். மத்திய அரசில் இந்தியத் தகவல் பணி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பிழையில்லாத தமிழும் தைரியமான ஆங்கிலமும் வேண்டும். இந்தி பேசத் தெரிந்தால் கூடுதல் சம்பளத்துக்குச் சமம். சரக்கு வாங்குகிற பார்ட்டியில் பாதிப் பேர் வடக்கே இருக்கிறார்கள், போனை எடுத்துப் பேசத் தெரிந்தவருக்கு முதலாளியின் அறையில் நாற்காலி கிடைக்கும்.

7. போர்ட்ஃபோலியோவில் பத்து வேலை போதும், நாற்பது வேண்டாம். கல்லூரி அசைன்மென்ட் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள்: யார் கேட்டார்கள், என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், எத்தனை பிரதி போனது. டிஜிட்டல் லிங்கோடு நிஜப் பெட்டி, நிஜ காலண்டர் ஒன்றையும் பையில் எடுத்துப் போங்கள். எதிரே இருப்பவர் பொருளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார், மடிப்பைப் பிரித்துப் பார்ப்பார், "இந்த டை யார் போட்டது?" என்று கேட்பார். அங்கேதான் இன்டர்வியூ உங்கள் பக்கம் திரும்புகிறது. மற்றவர்கள் லேப்டாப் ஆன் ஆகக் காத்திருக்கும்போது நீங்கள் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். டீமாகச் செய்த வேலையில் உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். இது சின்னத் துறை, அடுத்த போன் காலில் உண்மை தெரிந்துவிடும்.

8. சென்னை போவதா, இங்கேயே இருப்பதா? இரண்டு வருஷமாவது வெளியே போங்கள் என்பேன். ஏஜென்சியில் பிரீஃப் எடுப்பது, பெரிய பட்ஜெட், டெட்லைன், மற்ற டிசைனர்களோடு போட்டி இவையெல்லாம் அங்கேதான் பழகும். முதல் சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும், அதற்குத் தயாராக இருங்கள். ஆனால் அங்கே போயும் பிரிண்டை விடாதீர்கள். ரீல்ஸ் எடுக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பேக்கேஜிங் தெரிந்த கிரியேட்டிவ் ஆள் அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை. வீட்டில் வெளியூர் அனுப்பத் தயங்குகிற பெண்களுக்கு ஒன்று: லேபிள், விலைப்பட்டியல், காட்டலாக் வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் உங்கள் டிசைன் அச்சாகிற அன்றைக்காவது மெஷின் முன்னால் போய் நில்லுங்கள். கலரை ஓகே செய்கிறவர் நீங்களாக இருந்தால்தான் ரேட்டை முடிவு செய்கிறவரும் நீங்களாக இருப்பீர்கள்.

9. காசு பேசப் பழகுங்கள். "முதல்ல பண்ணிக் குடு தம்பி, பிறகு பார்த்துக்கலாம்" என்பது இந்த ஊர் வாசகம். மரியாதையாக, ஆனால் தெளிவாகப் பதில் சொல்லுங்கள்: "சரிங்க அண்ணாச்சி, பாதி அட்வான்ஸ் போட்டு விடுங்க, நாளைக்கே ஆரம்பிச்சிடறேன்." எத்தனை கரெக்ஷன் இலவசம் என்பதை வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் எழுதி அனுப்பி "ஓகே" வாங்குங்கள். மூன்று கரெக்ஷனுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் காசு. பார்ப்பதற்கு வாட்டர்மார்க் போட்ட ஜேபெக் மட்டும் கொடுங்கள். ஓபன் ஃபைல் மீதிப் பணம் அக்கவுண்டில் ஏறிய பிறகு. போர்ட்ஃபோலியோவில் அந்த டிசைனைக் காட்ட அனுமதியையும் அதே மெசேஜில் கேட்டு வாங்கிவிடுங்கள், அப்புறம் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.